கிராமப் பள்ளியில் சேமிப்புப் பழக்கம்: பெட்டி வைப்பதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

பள்ளியில் சேமிப்பு வகுப்பு தொடங்குகிறவர்களில் நிறையப் பேர் ஓர் உண்டியலை வாங்கி மேசைமேல் வைப்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரே பூட்டு, ஒரே சாவி, அது என்னிடம். நான்காவது வாரம் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். அந்த வாரம் பார்த்து ஒரு சிறுமிக்குத் தன் காசு தேவைப்பட்டது, தம்பிக்கு மருந்து வாங்க. பெட்டி அலமாரியில் இருந்தது, அவளுடைய கணக்கு என் நோட்டில் இருந்தது, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. நான் திரும்பி வந்த அன்று பாதி வகுப்பு காசைத் திருப்பிக் கேட்டு நின்றது. "டீச்சர், நீங்க வரலன்னா எங்க காசும் வராதா?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் குரலில் கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

அன்றைக்கு வரிசையை மாற்றினேன். முதலில் காசைத் திருப்பிக் கொடுக்கும் வழி, அடுத்து கணக்கு எழுதும் பழக்கம், கடைசியில்தான் பெட்டி. அதற்குப் பிறகு தொடங்கிய குழுக்களில் இந்த வரிசையை நான் மாற்றியதே இல்லை. கீழே உள்ளது 9 முதல் 14 வயது வரையுள்ள 20 முதல் 30 பிள்ளைகளுக்கு, வாரம் ஒரு பாடவேளை என்ற கணக்கில் எழுதியது.

1. காசைத் தொடும் முன்

தலைமையாசிரியரின் எழுத்துபூர்வமான அனுமதி முதலில் வேண்டும். பிள்ளைகளிடம் பணம் வாங்கக் கூடாது என்று விதி உள்ள பள்ளிகள் உண்டு. உங்கள் பள்ளி அப்படியென்றால் பெட்டியை விட்டுவிடுங்கள். கூழாங்கற்களை வைத்து வகுப்பை நடத்தி, காசை வீட்டிலேயே சேர்க்கச் சொல்லலாம். அதிலும் பலன் உண்டு.

அனுமதி கிடைத்தால், மூன்று பூட்டுப் போடக்கூடிய பெட்டி ஒன்று. மூன்று சாவியும் மூன்று பேரிடம்: நீங்கள், இன்னோர் ஆசிரியர், பெற்றோரில் ஒருவர். பெட்டி இருப்பது இந்த மூவர் வீட்டிலும் இல்லாமல் பள்ளி அலமாரியில். பல நாடுகளின் கிராமச் சேமிப்புக் குழுக்கள் இந்த முறையைத்தான் கையாள்கின்றன, காரணமும் வெளிப்படை: மூவரும் கூடாமல் பெட்டி திறக்காது. இதில் புதியவர்கள் விட்டுவிடுவது ஒன்று உண்டு. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும், அவர் யார் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டிக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள். நான் வைக்கும் அளவு இதுதான்: பெட்டி நாளையே தொலைந்துபோனால் பெரியவர்கள் சேர்ந்து அன்றைக்கே கைக்காசிலிருந்து ஈடுகட்ட முடிகிற தொகை. அதைத் தாண்டினால் பெட்டியில் வைக்கக் கூடாது.

கடைசியாக ஒரு பருவ நாட்காட்டி. ஊரில் எந்த மாதங்களில் கையில் காசு புரளும், எந்த மாதங்களில் வறளும் என்று இரண்டு மூன்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விவசாயக் குடும்பத்தின் வருமானம் மாதச் சம்பளம்போல் ஒரே சீராக வராது. அறுவடை முடிந்த மாதத்தில் தொடங்கும் வகுப்பு நிலைத்து நிற்கும். விதைப்புச் செலவு நேரத்தில் தொடங்கினால் இரண்டாம் வாரமே பெட்டி காலி.

2. பெற்றோர் கூட்டம்

இதைத் தள்ளிப்போட வேண்டாம். கூட்டம் நடத்தாமல் தொடங்கினால் பிள்ளை வீட்டுக்குப் போய், "பள்ளியில் காசு கேட்கிறார்கள்" என்றுதான் சொல்லும். இல்லாத காசைப் பிள்ளை கேட்டு நிற்பது ஏழைப் பெற்றோருக்கு எவ்வளவு வலிக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூட்டத்தில் மூன்று விஷயம் சொன்னால் போதும். குறைந்தபட்சத் தொகை எதுவும் கிடையாது. காசு காசாகவே திரும்பக் கிடைக்கும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டோம்.

இரண்டாவதை நான் அழுத்திச் சொல்வதற்கு அனுபவத்தைத் தாண்டியும் காரணம் இருக்கிறது. உகாண்டாவில் 136 தொடக்கப் பள்ளிகளில் இரண்டு முறைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் சேமிப்பு, படிப்புப் பொருள் வாங்கும் சீட்டாக மட்டும் திரும்பும். மற்றதில் காசாகவே திரும்பும். காசாகக் கொடுத்த பள்ளிகளில்தான் சேமிப்பு கூடுதலாக இருந்தது. அதோடு பெற்றோரையும் அழைத்துப் பேசிய இடங்களில் படிப்புப் பொருள்கள் வாங்குவதும் மதிப்பெண்களும் கூடின. கட்டிப்போட்டால் பத்திரம் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். பிள்ளைகள் அதைப் பூட்டாகத்தான் பார்க்கிறார்கள்.

கூட்டத்திலேயே இன்னொன்றையும் பேசி முடியுங்கள். நெருக்கடியான மாதத்தில் வீட்டுக்காரர்கள் பிள்ளையின் சேமிப்பைக் கேட்பார்கள். அதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை, தடுக்கவும் கூடாது. ஆனால் எடுக்கும்போது பிள்ளையின் புத்தகத்தில் "வீட்டுக்குக் கொடுத்தது" என்று எழுதி, வாங்கியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வையுங்கள். ஒரு தகப்பனார் அப்படிக் கைநாட்டு வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தானே வந்து அந்த வரிக்குக் கீழே திருப்பிக் கட்டினார். பக்கத்தில் நின்ற மகள் புத்தகத்தை வாங்கி, இருப்பு சரியா என்று கூட்டிப் பார்த்துக்கொண்டாள்.

3. முதல் 4 வாரம்: எழுதுவது மட்டும்

அறிவுரை வேண்டாம், சேமிப்பு என்ற சொல்கூட வேண்டாம். ஆளுக்கொரு சிறிய நோட்டு, அதில் நான்கு கட்டம்: தேதி, எங்கிருந்து வந்தது, எதற்குப் போனது, கையில் இருப்பது.

கிராமத்துப் பிள்ளைகள் கையில் காசு குறைவு, பொருள் அதிகம். மாமா கொடுத்த கோழிக்குஞ்சு, விறகு சுமந்ததற்குக் கிடைத்த பழைய சட்டை எல்லாம் வரவுதான், எழுதச் சொல்லுங்கள். காசே வராத பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும். அந்தப் பிள்ளையிடம் வகுப்பின் பொதுக் கணக்கை ஒப்படையுங்கள்: சாக்பீஸ், துடைப்பம், விளையாட்டுப் பந்து எப்போது வந்தன, எவ்வளவு ஆயின என்று. வெற்று நோட்டோடு யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இந்த நான்கு வாரமும் நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினம். "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணினாய்?" என்று ஒரே ஒருமுறை கேட்டால் போதும், அடுத்த வாரத்திலிருந்து நோட்டில் பொய் ஏறிவிடும். எல்லோரும் பென்சிலும் ரப்பரும் மட்டுமே வாங்கியதாக எழுதுவார்கள்.

4. இலக்கு வைப்பது

தேவை எது, ஆசை எது என்று இரண்டு பட்டியல் போடும் பாடத்தை நான் விட்டுவிட்டேன். பல பாடநூல்கள் அதில்தான் தொடங்குகின்றன என்று தெரியும். ஆனால் ஏழைப் பிள்ளையின் ஒரே சின்ன மகிழ்ச்சியை வகுப்புக்கு நடுவே "ஆசை" என்ற பக்கத்தில் எழுதும்போது அந்தப் பிள்ளை தலைகுனிவதைப் பார்த்தேன். அதற்குப் பதில் காலத்தை வைத்துப் பிரிக்கச் சொல்கிறேன்: இன்றைக்கே வேண்டியது, இந்த மாதத்துக்குள் வேண்டியது, அடுத்த பருவத்தில் வேண்டியது. எதுவும் தப்பில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் உண்டு. சேமிப்பு என்பது காத்திருக்கக் கற்றுக்கொள்வதுதான், அதனால் இந்தப் பிரிவு நேரடியாக உதவுகிறது.

முதல் இலக்கு 4 முதல் 6 வாரத்தில் கைக்கு எட்டுவதாக இருக்கட்டும். சைக்கிள் வேண்டும் என்பான் ஒருவன். வேண்டாம் என்று சொல்லாமல், "சரி, அதற்கு முன்னால் ஒரு சின்னது" என்று கேளுங்கள். ஒருமுறை இலக்கை எட்டிய பிள்ளைதான் இரண்டாவது முறை பொறுமையாக இருக்கும். விலையைப் பிள்ளையே விசாரித்து வர வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது. விலையை வாரக் கணக்கால் வகுத்தால் வாரத்துக்கு எவ்வளவு என்று வந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். கானாவில் 135 பள்ளிகளில் நடந்த ஆய்வில், பணத்தைப் பற்றி மட்டும் சொல்லிக்கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வேலைக்குப் போவது கூடுவதற்கான அறிகுறி தெரிந்தது. பிள்ளைகளின் உரிமைகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் அது தெரியவில்லை. ஆகவே இலக்கு வைக்கும் அன்றே, பள்ளியை விட்டுவிட்டுச் சம்பாதித்த காசு இந்தப் பெட்டிக்கு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் தொகை திடீரென்று ஏறினால் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், வகுப்புக்கு நடுவே வேண்டாம்.

5. கூழாங்கல்லை வைத்து இரண்டு வாரம் ஒத்திகை

உண்மையான காசு வருவதற்கு முன் கணக்கு கைக்குப் பழக வேண்டும். ஆளுக்கு 20 கூழாங்கல் கொடுங்கள். பெட்டி, பாஸ்புக், எல்லோர் கணக்கையும் சேர்த்து எழுதும் பேரேடு எல்லாம் அசலாகவே இருக்கட்டும், காசு மட்டும் கல்.

பாஸ்புக் பிள்ளையிடம் இருக்கும், பேரேடு பள்ளியில் இருக்கும். இரண்டிலும் ஐந்தே கட்டம்: தேதி, போட்டது, எடுத்தது, இருப்பு, கையெழுத்து. இரண்டு இடத்தில் எழுதுவது வேலை அதிகம்தான். ஆனால் ஒன்று தொலைந்தாலும் மற்றது சாட்சி சொல்லும், அந்தச் சாட்சி பிள்ளையின் கையில் இருக்கிறது என்பதுதான் நம்பிக்கையைக் கொடுக்கிறது.

பேனாவில்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்காமல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, இரண்டு பேர் கையெழுத்து. வெள்ளை மை தடவிய கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள் என்று பெரிய பிள்ளைகளுக்குச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாம் வாரம் நான் வேண்டுமென்றே சில பாஸ்புக்குகளில் இருப்பைத் தப்பாக எழுதிவிடுவேன். 14க்குப் பதில் 41, அல்லது எடுத்ததைக் கழிக்காமல் விடுவது. "உங்கள் புத்தகத்தில் தப்பு இருக்கலாம், கண்டுபிடித்து என்னிடம் வாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏமாற்றியதாக ஆகிவிடக் கூடாது. ஆசிரியர் எழுதிய எண்ணை, "இது தப்பு" என்று சொல்லப் பிள்ளைக்குத் துணிச்சல் வருவதுதான் இதன் நோக்கம். நாளைக்கு வங்கிக் கவுண்டரிலோ கடன் கொடுப்பவர் முன்னாலோ நிற்கும்போது அந்தத் துணிச்சல்தான் வேண்டும்.

கல்லைப் போடுவதுபோலவே எடுக்கவும் ஒத்திகை வேண்டும். எல்லோரும் ஒருமுறையாவது எடுத்திருக்க வேண்டும்.

6. பெட்டி நாள்

வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். 30 பிள்ளைகளுக்கு 25 நிமிடம் ஆகும், பழகிய பிறகு 15. வரிசை மாறவே கூடாது:

சாவி வைத்திருக்கும் மூவரும் பிள்ளைகள் பார்க்கப் பெட்டியைத் திறக்கிறார்கள். "போன வாரம் மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் வகுப்பே சொல்ல வேண்டும். எண்ணிப் பார்த்து, சரியாக இருந்தால்தான் மேலே போவது. பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வந்து தன் காசைத் தானே எண்ணுகிறது. கணக்கு எழுதும் மாணவர் ஒருமுறை எண்ணுகிறார். பாஸ்புக்கில் எழுதி, பேரேட்டில் எழுதி, பிள்ளை கையெழுத்துப் போட்டு, அதற்குப் பிறகே காசு பெட்டிக்குள். காசு விழுந்துவிட்டால் அது பொதுக் குவியல், யாருடையது என்று தெரியாது. அதனால்தான் எழுத்து முந்த வேண்டும்.

முடிவில் மொத்தத்தை மட்டும் உரக்கச் சொல்லி எல்லோரும் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். தனித்தனித் தொகையை யாரும் சொல்லக் கூடாது. சுவரில் பட்டியல் ஒட்டுவது, அதிகம் போட்டவருக்குக் கைதட்டுவது எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்தாலும் கெடுதலில்தான் முடியும். இல்லாத வீட்டுப் பிள்ளை அன்றோடு நின்றுவிடும்.

இதற்காகவே எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காசு கொண்டுவராத பிள்ளையும் வரிசையில் வரும், பாஸ்புக்கில் 0 என்று எழுதிக் கையெழுத்துப் போடும். முதலில் இதை வீண்வேலை என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். ஆனால் இது இல்லாத வருடத்தில், காசில்லாத பிள்ளைகள் பெட்டி நாளில் பள்ளிக்கே வராமல் இருந்தார்கள். ஒரு சிறுமி தொடர்ந்து 5 வாரம் 0 எழுதினாள். ஆறாவது வாரம் கைக்குட்டை முனையில் முடிந்துவந்த சில்லறையை மேசையில் அவிழ்த்து, வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்த நாணயங்களை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்து மூன்று முறை எண்ணினாள். வரிசை காத்திருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அவள் வந்துகொண்டே இருந்ததால்தான் காசு கிடைத்த அன்று அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

7. கேட்டவுடன் கொடுப்பது

பெட்டி தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாணயமாவது எடுத்துப் பார்க்கட்டும். அடுத்த வாரம் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். எடுக்க முடிகிறது என்று கையால் தெரிந்த பிறகு, எடுக்க வேண்டும் என்ற பதற்றம் போய்விடுகிறது.

எடுக்க வரும் பிள்ளையிடம் ஒரே கேள்வி: "இதை எடுத்தால் உன் இலக்கு எந்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்?" பிள்ளை கணக்குப் போட்டுச் சொல்லும். சொன்னதும் கொடுத்துவிட வேண்டும். எதற்கு என்று கேட்பது, முகம் சுளிப்பது, "யோசித்து நாளைக்கு வா" என்பது எதுவும் கூடாது.

பெட்டி நாள் இல்லாத நாளில் அவசரம் வந்தால்? அதற்காகப் பெரியவர்கள் மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சிறு கை இருப்பைத் தலைமையாசிரியரிடம் வைத்திருங்கள். பாஸ்புக்கைக் காட்டினால் அதிலிருந்து கொடுத்து, பெட்டி நாளில் ஈடு செய்துகொள்ளலாம். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தச் சிறுமிக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

8. வட்டி: கடன் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

சேமிப்பு வட்டியை முதலில் சொன்னால் பிள்ளைகளுக்கு அது கதைபோல இருக்கிறது. கடனை அவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் வீட்டுக் கடனைப் பற்றி வகுப்பில் கேட்கவே கேட்காதீர்கள், அது குடும்பத்தின் மானம்.

100 கல் கடன், மாதம் 10% வட்டி, கட்டாத வட்டி அசலோடு சேரும். 12 மாதம் கழித்து எவ்வளவு என்று ஊகிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 220 என்றுதான் சொல்வார்கள். கரும்பலகையில் 100, 110, 121, 133 என்று மாதம் மாதமாக எழுதிக்கொண்டே போனால் கடைசியில் 313ஐத் தாண்டும். ஒவ்வொரு மாதத்தையும் ஒவ்வொரு பிள்ளை எழுத வேண்டும், நீங்கள் விடையைச் சொல்லிவிட்டால் அது இன்னொரு எண் மட்டுமே.

13, 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தவணைக் கணக்கும் சொல்லலாம். 100 வாங்கி மாதம் 10 வீதம் 12 மாதம் கட்டினால் மொத்தம் 120. வட்டி 20% என்று தோன்றும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது, முழு 100 நம் கையில் ஒரு மாதம்தான் இருந்தது. சரியாகப் போட்டால் ஆண்டுக்கு 35 விழுக்காடு வரும். பிரேசிலில் 892 உயர்நிலைப் பள்ளிகளில் நிதிக் கல்வி கொடுத்துப் பார்த்தபோது மாணவர்களின் சேமிப்பு கூடியது, கூடவே அதிக வட்டிக் கடனில் பொருள் வாங்குவதும் கூடியது. சேமிக்கக் கற்ற பிள்ளைக்குக் கடன் கணக்கையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

அப்புறம் சேமிப்பு வட்டி. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். 8% என்றால் 9 ஆண்டு. இந்தக் கணக்கு தெரிந்த பிள்ளையிடம் ஒருவர் வந்து, "6 மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்றால், அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு வட்டி வேண்டும் என்று அந்தப் பிள்ளை கேட்கும்.

9. வங்கி, தபால் நிலையம், போன்

பெட்டி ஒரு பருவம் நன்றாக ஓடிய பிறகுதான் இது. கணக்குத் தொடங்கும் முன் நான்கு கேள்விக்கு விடை வாங்குங்கள். எந்த வயதில் பிள்ளையே கையெழுத்துப் போட்டு எடுக்கலாம்? குறைந்தபட்ச இருப்பு உண்டா? பல மாதம் பணம் போடாவிட்டால் கணக்கு முடங்குமா, பிடித்தம் உண்டா? அங்கே போய்வர ஆகும் செலவு எவ்வளவு? போட வேண்டிய தொகையைவிடப் பயணச் செலவு அதிகம் என்றால் பருவத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போடுவதே சரி.

வீட்டில் போன் வழியாகப் பணம் அனுப்புகிறார்கள் என்றால், ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது, அது கேட்பவர் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும். இதை வாய்ப்பாடமாகச் சொல்லாமல் நடித்துப் பழக்குங்கள். ஒருவர் அதட்டிக் கேட்கட்டும், மற்றவர் மறுக்கட்டும். பெரியவர் அதட்டும்போது மறுப்பது பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத ஒன்று.

10. பெட்டியைக் காலி செய்யும் நாள்

இந்த நாளைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். வீட்டில் காசு தட்டுப்பாடான சமயமாக, முக்கியமாகப் புதிய வகுப்புக்கு நோட்டும் சீருடையும் வாங்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள். எல்லோருக்கும் முழுத் தொகையும் காசாகவே போக வேண்டும். பேரேட்டில் எல்லா இருப்பும் 0 ஆக வேண்டும், பெட்டியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். தொடர விரும்புகிறவர்கள் அடுத்த வாரம் புதிதாகப் போடட்டும்.

எப்போதாவது கணக்கு இடித்தால், உதாரணமாகப் பேரேட்டைவிடப் பெட்டியில் குறைவாக இருந்தால், அன்றைக்கே பெரியவர்கள் ஈடு செய்யுங்கள். தப்பு எங்கே என்பதை அதற்குப் பிறகு தேடலாம். பிள்ளைகளின் பையைச் சோதிக்காதீர்கள்.

வகுப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க மொத்தத் தொகையை அளக்காதீர்கள், அது அறுவடையைத்தான் காட்டும். ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை பெட்டி நாளுக்கு வந்தது, 0 எழுதிய நாளையும் சேர்த்து, எத்தனை பேர் தாங்களே குறித்த இலக்கை வாங்கினார்கள், எத்தனை பேர் இரண்டாவது இலக்கை எழுதினார்கள் என்று எண்ணுங்கள்.

நடுவில் ஊரை விட்டுப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். வேலை தேடிக் குடும்பம் கிளம்பும்போது பெரும்பாலும் ஒரே இரவில் கிளம்பிவிடுகிறது. பேரேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உறவினர் ஒருவரின் பெயரை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை போய்விட்டது என்று தெரிந்த வாரத்திலேயே அந்தக் காசை எண்ணி, உறையில் போட்டு, தொகையை மேலே எழுதி, இரண்டு பேர் கையெழுத்தோடு அந்த உறவினர் வீட்டில் கொடுத்துவிட்டு, வாங்கியவர் கையெழுத்தைப் பேரேட்டில் வாங்கி வாருங்கள்.